சலவைத் தண்ணீரில் போகும் வெள்ளித்துகள்: டெல்டாவில் அது எங்கே போய்ச் சேர்கிறது?

‘பாக்டீரியா எதிர்ப்பு’, ‘வியர்வை நாற்றம் வராது’, ‘யுவி பாதுகாப்பு’ என்று அட்டை தொங்கும் பனியனும் சாக்ஸும் இப்போது கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருக்களிலும் சாதாரணம். அட்டையில் இல்லாத தகவல் ஒன்று உண்டு. துணிக்கு அந்தக் குணத்தைக் கொடுத்த பொருள், துவைக்கத் துவைக்கத் தண்ணீரோடு போய்விடும். எவ்வளவு போகிறது, எந்த உருவில் போகிறது, போய் எங்கே தங்குகிறது என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளை அப்படியே எடுத்துக் காவிரிப் படுகைக்குப் போட முடியாது. அங்கே வீட்டுச் சலவை நீரும் கழிப்பறை நீரும் ஒரே குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. இங்கே சலவை நீர் வாழை மரத்துக்கும் தெருச் சாக்கடைக்கும் போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இப்படி அட்டை தொங்கும் எல்லாத் துணியிலும் நானோ துகள் இருப்பதில்லை. கிருமி எதிர்ப்புக்கு வெள்ளி, செம்பு, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றையும் போடுகிறார்கள். உலோகமே இல்லாத குவாட்டர்னரி அம்மோனியம் வகை ரசாயனங்களையும் போடுகிறார்கள். வெயில் பாதுகாப்புக்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது துத்தநாக ஆக்சைடு. கறை ஒட்டாத துணியில் இருப்பது பொதுவாக ஃப்ளோரின் ரசாயனம். அது வேறு தலைவலி, இங்கே பேசவில்லை. 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகளைத்தான் நானோ துகள் என்கிறோம். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்.

திருபுவனம் பட்டுச் சேலையின் சரிகையிலும் வெள்ளி இருக்கிறதே என்று கேட்கலாம். அது இந்தக் கணக்கில் சேராது. வெள்ளி வினைபுரிவது அதன் மேற்பரப்பில். ஒரு கிராம் வெள்ளியை 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 28 சதுர மீட்டருக்கு வந்துவிடும், அதாவது 300 சதுர அடி. சரிகைக் கம்பியின் மேற்பரப்பு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பட்டுச் சேலையை யாரும் வாரம் இரண்டு முறை சோப்புத் தூளில் ஊறவைப்பதும் இல்லை.

துணியில் எப்படி ஏறுகிறது

துகள் எவ்வளவு சீக்கிரம் கழன்று போகும் என்பது பெரும்பாலும் அது எப்படி ஏற்றப்பட்டது என்பதைப் பொறுத்தது. பாலியெஸ்டர் நூல் நூற்கும்போதே உருகிய பிளாஸ்டிக்கில் துகளைக் கலந்துவிட்டால் அது இழையின் உள்ளே சிக்கிக்கொள்ளும். இழை தேய்ந்தாலோ முறிந்தாலோதான் வெளியே வரும். பருத்தியில் அதற்கு வழியில்லை. அங்கே பினிஷிங் கட்டத்தில் துணியை ரசாயனத் தொட்டியில் முக்கி, இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே பிழிந்து, ஸ்டென்டர் எனும் உலர்த்தும் இயந்திரத்தில் 100 முதல் 120 டிகிரியில் உலர்த்தி, பிறகு 150 டிகிரியை ஒட்டிச் சூடேற்றிப் பிடிக்கவைக்கிறார்கள். துகளைப் பிடித்து வைப்பது தொட்டியில் சேர்க்கப்படும் அக்ரிலிக் பைண்டர் எனும் பசை.

கோளாறு பெரும்பாலும் இந்தப் பைண்டரில்தான். அளவு கூடினால் துணி விறைத்துப் போகும், வாங்குபவர் தொட்டுப் பார்த்தே ஒதுக்கிவிடுவார். அதனால் கை குறைத்துப் போடத் தோன்றும். சூடு போதாவிட்டாலும், துணி அவசரமாக ஓடிவிட்டாலும் பைண்டர் முழுதாக இறுகாது. இப்படிப்பட்ட துணி புதிதாக ஆய்வகச் சோதனைக்குப் போனால் கிருமி எதிர்ப்பில் நல்ல மதிப்பெண் வாங்கும். ஏனென்றால் ஒட்டாமல் மேலே கிடக்கும் வெள்ளிதான் கிருமியை வேகமாகக் கொல்லும். மூன்றாவது, நான்காவது சலவையில் அதே வெள்ளி சாக்கடையில் இருக்கும்.

ஒரு சலவையில் எவ்வளவு

2008இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு ரக சாக்ஸை எடுத்து வெறும் காய்ச்சி வடித்த நீரில் குலுக்கிப் பார்த்தார்கள். ஒரு கிராம் துணிக்கு 1,360 மைக்ரோகிராம் வரை வெள்ளி இருந்தது; அரை லிட்டர் நீரில் 650 மைக்ரோகிராம் வரை இறங்கியது. சில ரகங்கள் நான்கு முறை அலசியதும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்தன, சில ரகங்கள் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டன. 2009இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் ஒன்பது துணிகளைச் சலவை நிலைமையிலேயே சோதித்தது. ஒரே சலவையில் போன வெள்ளி, துணிக்குத் துணி 1 சதவீதத்துக்கும் கீழிருந்து 45 சதவீதம் வரை வேறுபட்டது. வெளிவந்ததில் பெரும்பங்கு 450 நானோமீட்டரைவிடப் பெரிய துண்டு: பைண்டரோடு பிய்ந்து வந்த சில்லு, இழைத் துணுக்கு. தனித்தனி நானோ துகள் குறைவு.

அந்த ஆய்வில் நமக்கு அதிகம் பயன்படும் விஷயம் வேறு. சோப்புத் தூள் கரைந்த நீரின் பி.எச். 10ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தன்மையில் வெள்ளி அதிகம் கரையாது; நடுநிலை நீரில் கரைவதைவிடப் பத்தில் ஒரு பங்குதான் கரைந்தது. ஆனால் வெளுப்பான் சேர்ந்தால் நிலைமை தலைகீழ். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை வெள்ளியை வேகமாக அயனியாக்கி (மின்னூட்டமுள்ள அணுவாக்கி) நீரில் கரைத்துவிடும், உயிரினங்களுக்கு அதிக நஞ்சான உருவம் அதுதான். ‘ஆக்சிஜன்’ என்று பெயர் சூட்டி விற்கும் கறைநீக்கித் தூள்கள் எல்லாம் இந்த வகை. பிளீச்சிங் பவுடரும் வெள்ளியைத் தாக்கும், ஆனால் அதில் குளோரின் இருப்பதால் விளைவு பெருமளவு வெள்ளிக் குளோரைடாகப் போய் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் பனியன், கிலோவுக்கு 20 மில்லிகிராம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் பனியனில் 4 மில்லிகிராம் இருக்கும். முதல் சலவையில் 10 சதவீதம் போனால் 0.4 மில்லிகிராம். இயந்திரத்தில் 60 லிட்டரில் அது லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் அளவுக்குக் கரைந்து மெலியும். கையால் ஒரு வாளி, 15 லிட்டரில் துவைத்தால் லிட்டருக்கு 27 மைக்ரோகிராம் வரை ஏறும். கையால் துவைக்கும்போது துணிப் பிரஷும் துவைக்கல்லும் சேரும். ஆய்வகச் சோதனைகளில் தேய்மானத்துக்காகக் குடுவைக்குள் எஃகுக் குண்டுகளைப் போடுவார்கள். கல்லில் அடித்துத் துவைக்கும் வேகத்துக்கு அது ஈடாகுமா என்பது சந்தேகம்தான்.

27 மைக்ரோகிராம் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமே லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம் வரை வெள்ளியை ஏற்கிறது. மீனும் நீர்த்தெள்ளும் பாசியும் அப்படி இல்லை. வெள்ளி அயனி நன்னீர் மீனின் செவுளில் உப்பை உள்ளிழுக்கும் நொதியை முடக்குகிறது. டாஃப்னியா எனும் நீர்த்தெள்ளுக்கு லிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராம் அயனியே ஆபத்து. ஆக, இது குடிதண்ணீர்ப் பிரச்சினை அல்ல, குளத்துப் பிரச்சினை.

வெளியே வந்த வெள்ளி அதே வெள்ளி அல்ல

துணியில் ஏற்றிய உலோக வெள்ளி, வாய்க்காலுக்குப் போகும்போது பெரும்பாலும் வேறொன்றாகியிருக்கும். அக்குளில் வியர்வை பட்டபோதே அதன் ஒரு பகுதி குளோரைடோடு சேர்ந்துவிடும். வெளிச்சம் பட்டால் வெள்ளிக் குளோரைடு கறுத்து மீண்டும் உலோக வெள்ளித் துகள் பிறக்கும்; பழைய புகைப்படச் சுருள் வேலை செய்த வேதியியலும் இதுவே. கொடியில் காயும் துணியிலும் அது நடக்கும். 2014இல் வெளியான எம்பா ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று இன்னொன்றையும் காட்டியது: நானோ என்று சொல்லாமல் சாதாரண வெள்ளி உப்பால் பதப்படுத்திய துணியின் சலவை நீரிலும் நானோ துகள்கள் இருந்தன. ஆகவே ‘இதில் நானோ இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து நிம்மதி அடைய ஒன்றுமில்லை. துணியில் மொத்தம் எவ்வளவு வெள்ளி என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த மாற்றங்களில் முக்கியமானது கந்தகத்தோடு சேர்வது. காற்றில்லாத சேற்றிலும் கழிவுத் தொட்டியிலும் நுண்ணுயிர்கள் சல்ஃபைடை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. வெள்ளி அதைக் கண்டால் விடாது. 2011இல் சுவிட்சர்லாந்தில் ஒரு மாதிரிச் சுத்திகரிப்பு நிலையத்தில் நானோ வெள்ளியை விட்டுப் பார்த்தபோது, காற்றில்லாத நிலையில் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வெள்ளி சல்ஃபைடாகிக் கசடில் படிந்தது. வெள்ளி சல்ஃபைடு தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, அதனால் நஞ்சும் மிகக் குறைவு. ஐரோப்பியர்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கக் காரணம் இது.

டெல்டாவில் சலவை நீர் போகும் வழி

தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் பாதாளச் சாக்கடை உண்டு. அந்த இணைப்புள்ள வீடுகளுக்கு ஐரோப்பியக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். கிராமத்திலும் சிறு பேரூரிலும் வீட்டுக் கழிவுநீர் இரண்டாகப் பிரிகிறது. கழிப்பறை நீர் செப்டிக் டேங்குக்கு. குளியல், சலவை நீர் கொல்லைப்புறத்துக்கோ தெருச் சாக்கடைக்கோ. அதாவது சல்ஃபைடு நிறைந்த இடத்துக்குச் சலவை நீர் போவதே இல்லை. முறையாகக் கட்டிய வீட்டில் வெள்ளி அதன் மாற்று மருந்தைச் சந்திக்காமலே வெளியேறுகிறது.

கொல்லை வாழையை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் சில வருடங்களில் பத்து வெள்ளித் துணிகளைத் துவைத்துத் தீர்த்தால் 40 மில்லிகிராம் வெள்ளி. அது முழுதும் 2 சதுர மீட்டர் வாழைப் பாத்தியில், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் தங்கினால் அங்கே ஏறத்தாழ 500 கிலோ மண், கிலோவுக்கு 0.08 மில்லிகிராம் கூடும். பூமியின் மேலோட்டில் இயற்கையாகவே வெள்ளி அந்த அளவில்தான் இருக்கிறது. ஆக, அந்தப் பாத்தியில் வெள்ளி இரு மடங்காகும், வாழைக்கு எதுவும் ஆகாது. களிமண்ணும் மட்கும் துகளைப் பிடித்துக்கொள்ளும். சலவை நீருக்கு இருப்பதில் நல்ல இடம் இதுதான். வாழைக்குச் சோப்புத் தண்ணீரில் பிரச்சினை என்றால் அது சோடியம் உப்பால் வரும், வெள்ளியால் அல்ல.

தெருச் சாக்கடை கொஞ்சம் சிக்கலானது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எல்லாம் மெலிந்து போய்விடும். ஜனவரி 28இல் அடைத்த பிறகு, மாசி முதல் வைகாசி வரை பல ஊர்களில் சாக்கடையில் ஓடுவது சலவை நீரும் குளியல் நீரும் மட்டுமே. மெலிக்க வேறு தண்ணீர் கிடையாது. அதே சமயம் தேங்கிய சாக்கடையின் அடியில் கறுப்புச் சேறு இருக்கும், அதில் சல்ஃபைடும் இருக்கும். சேற்றைத் தொடும் வெள்ளி அடங்கிவிடும். மேலாக ஓடி நேரே குளத்தில் இறங்குவது அடங்காது.

குளத்துக்கும் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் குளம், 2 மீட்டர் நீர் இருந்தால் சுமார் 80 லட்சம் லிட்டர். சித்திரையில் அரை மீட்டருக்கு வற்றினால் 20 லட்சம் லிட்டர். 200 வீடு, வீட்டுக்கு ஐந்து வெள்ளித் துணி, ஒவ்வொன்றிலும் 4 மில்லிகிராம் என்றால் மொத்தம் 4 கிராம். அவ்வளவும் ஒரே சமயத்தில் வற்றிய குளத்தில் கரைந்து நின்றால் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். நீர்த்தெள்ளைத் தொடும் அளவு. நடப்பில் வெள்ளி பல சலவைகளாகப் பிரிந்து வரும், பெரிய துண்டுகள் படிந்துவிடும், குளத்து நீரின் அங்ககப் பொருட்கள் அயனியைப் பிடித்துக்கொள்ளும். உண்மையான அளவு இதில் சிறு பகுதிதான் இருக்கும். இன்றைக்குக் குளத்து மீன் வெள்ளியால் சாகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அதற்கு முன்னால் சோப்பும் சாக்கடையும் உயிர்க்காற்றைக் குடித்திருக்கும். ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய எல்லைக்கு ரொம்பத் தூரத்திலும் நாம் இல்லை. துணிகளில் கிலோவுக்கு 20 என்பது 200 ஆனால் கணக்கும் பத்து மடங்காகும். அமெரிக்க சாக்ஸில் கண்டது அதற்கும் மேலே, கிலோவுக்கு 1,360 மில்லிகிராம் வரை.

சாக்கடையில் கவலைப்பட இன்னொரு காரணமும் உண்டு. குறைந்த அளவு வெள்ளி தொடர்ந்து படும் இடத்தில் வெள்ளியைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகலாம். வெள்ளி மருந்து பூசிய தீப்புண் வார்டு ஒன்றில் அப்படிப்பட்ட சால்மொனெல்லாவை 1975இலேயே கண்டிருக்கிறார்கள். வெள்ளியைத் தாங்கும் மரபணு சில சமயம் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவோடு ஒரே துண்டில் பயணிக்கும். நாற்றம் வராத பனியனுக்கு இது கொஞ்சம் அதிக விலை.

வயல் மண், கடைமடை நீர்

நெல் வயல் வெள்ளிக்கு நல்ல அடக்குமிடம். நீர் கட்டிய வயலில் இரண்டு மூன்று வாரத்தில் மண் காற்றிழந்துவிடும், சல்ஃபைடு பிறக்கும், வெள்ளி அதில் கட்டுண்டுவிடும். அறுவடைக்குப் பின் வயல் காய்ந்து வெடித்தாலும் வெள்ளி சல்ஃபைடு எளிதில் பிரிவதில்லை. துத்தநாக சல்ஃபைடு அப்படியில்லை, மண் காய்ந்ததும் பிரிந்து துத்தநாகம் மறுபடி வெளிவரும்.

அதனால் துத்தநாக நானோ துகளுக்குப் பயப்பட வேண்டுமா? நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வது வேளாண்துறையின் வழக்கமான பரிந்துரை. அதில் 2 கிலோவுக்கு மேல் துத்தநாகம். ஒரு சதவீதம் துத்தநாக ஆக்சைடு ஏற்றிய 200 கிராம் பனியனில் இருப்பது 1.6 கிராம். 1,300 பனியன் முழுவதும் கரைந்து ஒரு ஏக்கரில் சேர்ந்தால்தான் விவசாயி தன் கையால் போடும் அளவுக்கு வரும். பற்றாக்குறையுள்ள மண்ணுக்கு அது உரம். சின்னக் குட்டையில் இறங்கினால் மட்டும் கதை மாறும்.

டைட்டானியம் டை ஆக்சைடு விசித்திரமான விருந்தாளி. பாலியெஸ்டரின் பளபளப்பைக் குறைக்க அதைக் கலப்பது பல பத்தாண்டு வழக்கம், பாதி மங்கல் ரகத்தில் 0.3 சதவீதம் இருக்கும். அட்டையில் எதுவும் போடாத சாதாரண பாலியெஸ்டர் சட்டையின் இழைத் துணுக்குகளும் அதைச் சுமந்துகொண்டுதான் போகின்றன. மண்ணிலோ டைட்டானியம் இயற்கையாகவே அரை சதவீதம் அளவில் கிடக்கிறது. காவிரி வண்டலில் டைட்டானியத்தை அளந்து ‘இது சட்டையிலிருந்து வந்தது’ என்று காட்டுவது அநேகமாக முடியாத காரியம். இங்கே கவலை டைட்டானியத்தைவிட அதைச் சுமக்கும் பிளாஸ்டிக் இழைமேல் இருக்க வேண்டும்.

வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கக் கடைமடைக்குப் போனால் நீரில் உப்பு ஏறிவிடும். உப்புநீரில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும். வெள்ளி குளோரைடோடு பிணையும். மிதந்து திரிவதைவிடச் சேற்றில் கிடப்பது கூடும். அலையாத்திக் காட்டுச் சேற்றில் சல்ஃபைடுக்குக் குறைவில்லை. நீரில் நீந்துபவற்றுக்கு இது நல்லது, சேற்றைத் தின்று வாழ்பவற்றுக்கு அவ்வளவு நல்லதல்ல.

அளக்கப் போனால்

கல்லூரி ஆய்வகங்களில் இதை அளக்க நினைப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில. ஆர்.ஓ. கடைக்காரர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவவே உதவாது. அது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கரைந்த உப்பைக் காட்டும், நாம் தேடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.45 மைக்ரான் வடிதாளைத் தாண்டியதெல்லாம் ‘கரைந்த வெள்ளி’ என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. 450 நானோமீட்டர் ஓட்டையில் 20 நானோமீட்டர் துகள் தாராளமாகப் போகும். உண்மையில் கரைந்ததைப் பிரிக்க மிக நுண்ணிய சவ்வு வடிகட்டி வேண்டும். மாதிரியை அமிலத்தில் கரைத்துச் செரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்த கலவையை ஊற்றினால் வெள்ளி குளோரைடாகிப் படிந்து, கருவி ‘இல்லை’ என்று சொல்லும். நைட்ரிக் அமிலம் மட்டுமே சரி. கடைமடை நீரில் உப்பு முன்பே இருப்பதால் அங்கே இந்தத் தவறு தானாகவே நடக்கும். கண்ணாடிக் குப்பியில் அமிலம் சேர்க்காமல் வைத்தால் வெள்ளி சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் செய்யக்கூடியது

இழப்பு அதிகம் முதல் சில சலவைகளில். அதனால் இப்படிப்பட்ட புதுத் துணியை முதல் இரண்டு மூன்று முறை தனி வாளியில் ஊறவைத்து அலசி, அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக் கோப்பையில் ஊற்றிவிடலாம். செப்டிக் டேங்கின் சல்ஃபைடு வேலையை முடித்துவிடும், ஒரு வாளித் தண்ணீரின் வெள்ளி அங்குள்ள நுண்ணுயிரை அசைக்காது. குளத்துப் படித்துறையில் இதைத் துவைக்க வேண்டாம். பிளீச்சும் ஆக்சிஜன் தூளும் வேண்டாம், துணிப் பிரஷ் வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டாம். வெள்ளித் துணிக்கு விலை கூடுதலாகக் கொடுத்து, பிறகு பிளீச்சில் ஊறவைத்து வெள்ளியை எடுத்துவிடுவது காசைச் சாக்கடையில் போடுவதுதான். அன்றாடம் துவைத்து டெல்டா வெயிலில் காயவைக்கிற துணிக்கு இந்தப் பூச்சு தேவையா என்பது கடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012இன் உயிர்க்கொல்லிப் பொருள் விதிகளின் 58ஆம் பிரிவு, கிருமி எதிர்ப்புக் குணம் சொல்லி விற்கும் துணியில் என்ன பொருள் இருக்கிறது, அது நானோவா என்பதை அட்டையில் எழுதச் சொல்கிறது. அப்படி எழுதினால்தான் வாங்குபவர் தேர்ந்தெடுக்க முடியும்.

மேலே இருக்கும் தொட்டி

வீட்டு வாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பெரிய அளவு கண்ணில் படாது. நொய்யலும் அமராவதியும் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கின்றன. இரண்டும் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் மேலே. அந்த ஆறுகளின் கரையில்தான் பின்னலாடையும் வீட்டுத்துணியும் செய்யும் ஊர்கள். துணியில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வெள்ளி ஏற வேண்டும், துணி தன் எடையில் 70 சதவீதம் நீரைப் பிடிக்கும் என்றால், பினிஷிங் தொட்டியில் லிட்டருக்கு சுமார் 29 மில்லிகிராம் இருக்க வேண்டும். வேலை முடிந்து தொட்டியில் 50 லிட்டர் மீந்தால் அதில் 1.4 கிராம் வெள்ளி. முதல் சலவைக்கு 0.4 மில்லிகிராம் என்று வீட்டில் போட்ட கணக்கின்படி, 3,500 பனியன்களின் முதல் சலவைக்கு அது சமம். இத்தனையும் ஒரு தடவை தொட்டியைக் கவிழ்ப்பதில் போகும்.

சாயக்கழிவுக்காகத் திருப்பூர்ப் பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் திரும்ப எடுக்கும் முறை இருந்தால்தான் அங்கே பட்டறை ஓட முடியும் என்றானது. அந்தச் சுத்திகரிப்புக்கான குழாய்க்குள் போகும் தொட்டி நீரின் துகள்கள் கசடில் தங்கிவிடும். அந்தக் குழாயில் சேராத மீந்த நீர்தான் கணக்குத் தவறும் இடம். அதற்குச் செய்ய வேண்டியது கடினமானது அல்ல: அளவாகக் கலக்குவது, மீந்ததை மூடிவைத்து அதே ரக அடுத்த உருப்படிக்குப் பயன்படுத்துவது, முடியாதபோது படிகாரம் அல்லது ஃபெரிக் உப்புப் போட்டுத் திரட்டிப் படியவைப்பது. வெறும் சமையல் உப்பைப் போட்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். உப்பு கரைந்த அயனியைத்தான் குளோரைடாக்கி இறக்கும், பாலிமர் போர்த்திய துகள் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். தெளிந்த நீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டு, படிந்த கசடை மற்ற குப்பையோடு சேர்க்காமல் அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும்.